எந்த செட்டிங் எவ்வளவு தின்கிறது: செஞ்சிக் கோட்டையை வைத்து ஒரு கணக்கு

செஞ்சிக் கோட்டையை ஒரு வீடியோ கேமுக்குள் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகள். மூன்றையும் வளைத்து ஓடும் மதில். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும் கருங்கல் பாறைகள், இடுக்குகளில் முள்ளும் புதரும். அடுக்கடுக்காக எழும் கல்யாண மகால், பக்கத்தில் ஆனைக்குளம், கீழ்க்கோட்டையில் வெங்கட்ரமணர் கோயிலின் தூண் வரிசைகள். சுமார் 800 அடி உயர ராஜகிரியின் உச்சியில் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் ஏரியும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராத்தியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். 1690 முதல் எட்டு வருடம் முகலாயப் படையை வெளியே நிறுத்திவைத்த இடம், கிராபிக்ஸ் கார்டையும் லேசில் விடாது. நெருக்கமான பாறை, தொலைதூரப் பார்வை, தண்ணீர், இலை, தூண் நிழல் என்று ஒரு கம்ப்யூட்டரைத் திணறடிக்கும் அத்தனையும் ஒரே இடத்தில் இருக்கிறது.

இந்தக் காட்சியை ஒரு மெஷின் நொடிக்கு 120 முறை வரையும். இன்னொன்று 18 முறை வரைவதற்குள் மூச்சு வாங்கும். அந்த இடைவெளியைக் குறைக்க நம் கையில் இருப்பது கிராபிக்ஸ் செட்டிங்ஸ் என்ற பட்டியல். செஞ்சியானாலும் திண்டிவனமானாலும் லேப்டாப் சர்வீஸ் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும்.

“அண்ணா, எல்லாத்தையும் லோ-ல வெச்சிட்டேன், அப்பவும் லேக் அடிக்குதுண்ணா.”

“ரேம் பத்தலடா தம்பி, ஒண்ணு போட்டுடு.”

கேள்வி நியாயமானது, பதிலும் பல நேரம் சரியாகவே இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் லோ-வில் வைத்ததில் எது உண்மையிலேயே மிச்சமானது, எதை வீணாக இழந்தோம் என்பதை இருவரும் பார்ப்பதில்லை. லோ, மீடியம், ஹை, அல்ட்ரா என்ற நான்கு படிகள் ஒரே குழாயைத் திறந்து மூடுவது போன்ற பிரமையைத் தருகின்றன. உண்மையில் அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரியும் வெவ்வேறு உறுப்பின் நேரத்தை எடுக்கிறது. ஒன்று ப்ராசஸரிடம், ஒன்று கிராபிக்ஸ் சிப்பிடம், இன்னொன்று நினைவகத்திடம். உங்கள் மெஷினில் எது முதலில் தீர்ந்துபோகிறது என்று தெரியாமல் எதைக் குறைத்தாலும் அது குருட்டாம்போக்குதான்.

கெடு

பிரேம் ரேட், சுருக்கமாக எஃப்.பி.எஸ்., என்பது நொடிக்கு எத்தனை படம் என்ற எண்ணிக்கை. பெருமை பேச வசதியான எண். கணக்குப் போட வசதியில்லாதது. அதைத் திருப்பி, ஒரு படத்துக்கு எத்தனை மில்லி செகண்ட் என்று பார்க்க வேண்டும். 30 பிரேம் என்றால் ஒரு படத்துக்கு 33.3 மில்லி செகண்ட். 60 என்றால் 16.7. 90 என்றால் 11.1. 120 என்றால் 8.3. ஒவ்வொரு படத்துக்கும் இது கெடு. அதற்குள் வீரன் எங்கே நிற்கிறான், எதிரி என்ன செய்கிறான், எந்தப் பாறை கண்ணில் படும், அதன் மேல் வெயில் எப்படி விழும் என்பதெல்லாம் முடிந்து படம் திரைக்கு வந்துவிட வேண்டும்.

திருப்பிப் பார்ப்பதில் ஒரு பெரிய லாபம் உண்டு. நிழல் வரைய 5 மில்லி செகண்ட் ஆகிறது என்று வையுங்கள். ஒரு படத்துக்கு 25 மில்லி செகண்ட் எடுக்கும் மெஷினில், அதாவது 40 பிரேம் ஓடும் மெஷினில், நிழலை அணைத்தால் 20 மில்லி செகண்ட் ஆகும். 50 பிரேம் கிடைக்கும். லாபம் 10. படத்துக்கு 10 மில்லி செகண்டே எடுக்கும் மெஷினில் அதே 5 மிச்சமானால் 100 பிரேம் 200 ஆகிவிடும். லாபம் 100. மிச்சமான நேரம் இரண்டிலும் ஒன்றேதான். “இந்த செட்டிங்கை அணைத்தால் 20 எஃப்.பி.எஸ். ஏறும்” என்று யூடியூபில் யாராவது சொன்னால், எந்த மெஷினில், எத்தனையிலிருந்து ஏறியது என்று கேட்காமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

காட்சியில் பொருள் கூடினால் வேகம் குறையும் என்பது வீடியோ கேமின் குழந்தைப் பருவத்திலேயே தெரிந்த சங்கதி. 1978-ல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காகத் தோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் 55 வேற்றுக்கிரகவாசிகள் வரிசையாக இறங்கி வருவார்கள். எல்லாரையும் ஒரு சுற்று நகர்த்தி முடிக்க அந்தக் காலத்து ப்ராசஸருக்கு நேரமானது. சுடச்சுட ஆள் குறைந்தார்கள், சுற்று சீக்கிரம் முடிந்தது, மிச்சமிருந்தவர்கள் விரைந்து வந்தார்கள். குறையென்று நினைத்திருக்க வேண்டியதை நிஷிகாடோ விட்டுவைத்தார். கடைசி ஆள் பாய்ந்து வரும் அந்தப் பதற்றம்தான் ஆட்டத்தின் உயிராக ஆனது.

வரைபவர் யார், வரையச் சொல்பவர் யார்

ஒவ்வொரு படத்திலும் இரண்டு பேருக்கு வேலை. ப்ராசஸர், அதாவது சி.பி.யு., ஆட்டத்தின் விதிகளை நடத்தி, எந்தெந்தப் பொருளை எங்கே வரைய வேண்டும் என்று கட்டளைப் பட்டியல் தயாரிக்கிறது. கிராபிக்ஸ் சிப், அதாவது ஜி.பி.யு., அந்தப் பட்டியலை வைத்து ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கண்டுபிடிக்கிறது. இருவரில் தாமதமானவர் எவரோ அவர்தான் பிரேம் ரேட்டைத் தீர்மானிக்கிறார். மற்றவர் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

யார் தாமதம் என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ரெசொல்யூஷனை ஒரேயடியாகக் குறைத்துப் பாருங்கள். பிரேம் ரேட் சட்டென்று ஏறினால் ஜி.பி.யு.தான் திணறிக்கொண்டிருந்தது. எண் அசையவே இல்லை என்றால் தாமதம் சி.பி.யு.விடம். அப்போது டெக்ஸ்ச்சரையும் ஆன்டி-ஏலியாசிங்கையும் லோ-வுக்கு இறக்குவது கண்ணுக்கு நட்டம், கைக்கு லாபமில்லை.

சி.பி.யு.வைத் தின்னும் செட்டிங்குகள் கொஞ்சம்தான். கூட்டத்தின் அடர்த்தி அதில் முதல். 2018-ல் வந்த ஹிட்மேன் 2-இல் ஒரு கட்டம் மும்பையில் நடக்கிறது. சந்துக்குச் சந்து ஜனம். ஒவ்வொரு தலைக்கும் நடை, பார்வை, பயம் என்று கணக்கு ஓட வேண்டும். நல்ல கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவரும் அங்கே எண்ணிக்கை சரிவதைப் பார்க்கலாம். சைபர்பங்க் 2077-இல் கூட்டத்தின் அடர்த்திக்கென்றே தனி செட்டிங் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு தூரம் வரை வரைவது என்ற செட்டிங்கும் சி.பி.யு.வைப் பாதிக்கும்; தூரம் கூடினால் கட்டளைப் பட்டியல் நீளும். நிழல் இரண்டு பக்கமும் தின்னும். மற்றவை பெரும்பாலும் ஜி.பி.யு. கணக்கில் போகின்றன.

புள்ளிக் கணக்கு

ஜி.பி.யு. செலவில் முதலிடம் ரெசொல்யூஷனுக்கு. 1366×768 திரையில் சுமார் 10.5 லட்சம் புள்ளிகள். 1920×1080-இல் 20.7 லட்சம். 2560×1440-இல் 36.9 லட்சம். 4கே என்று சொல்லும் 3840×2160-இல் 82.9 லட்சம். ஃபுல் எச்.டி.யிலிருந்து 4கே போனால் புள்ளிகள் சரியாக நான்கு மடங்கு. பிரேம் ரேட் அப்படியே கால்வாசி ஆகிவிடாது, ஏனென்றால் புள்ளிகளோடு சம்பந்தப்படாத வேலைகளும் உண்டு. ஆனாலும் இதைவிடப் பெரிய விசை அந்தப் பட்டியலில் வேறு கிடையாது.

பல கேம்களில் ரெண்டர் ஸ்கேல் என்று ஒரு நகர்த்தி இருக்கும். அதை 50 சதவீதத்தில் வைத்தால் பாதி வேலைதான் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான கேம்களில் அந்த 50 அகலத்துக்கும் உயரத்துக்கும் தனித்தனியாகப் பொருந்தும். மிஞ்சுவது கால்வாசிப் புள்ளிகள். மதிலின் ஞாயில்கள் மாவு பிசைந்ததுபோல் ஆகிவிடுவதற்குக் காரணம் இதுதான். 80 சதவீதத்தில் வைத்தாலே புள்ளிகள் 64 சதவீதமாகக் குறைந்துவிடும், படமும் அவ்வளவு கெடாது.

இதே அடிப்படையை அறிவோடு செய்வதுதான் அப்ஸ்கேலிங். குறைந்த புள்ளிகளில் வரைந்து, பல நேரம் முந்தைய பிரேம்களின் தகவலையும் சேர்த்துப் பெரிதாக்கும் முறை. என்விடியாவின் டி.எல்.எஸ்.எஸ். 2018-இல் தொடங்கி, 2020-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் உருப்படியானது. அதில் குவாலிட்டி என்று வைத்தால் 1080 திரைக்கு உள்ளே வரையப்படுவது 1280×720 மட்டுமே. 2021 ஜூனில் ஏ.எம்.டி. கொண்டுவந்த எஃப்.எஸ்.ஆர். எந்தக் கம்பெனி கார்டிலும் ஓடியது. பழைய கார்டு வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய உபகாரம். முதல் பதிப்பின் படம் சுமார்தான் என்றாலும் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். செஞ்சிப் பாறைபோன்ற காட்சியில் இவை நன்றாகவே ஒப்பேற்றும். முள்மர இலை, கம்பிவலை மாதிரி மெல்லிய பொருள்கள் அசையும்போதுதான் குட்டு வெளிப்படும்.

பாறையும் நிழலும்

இனி கோட்டைக்குள் போவோம். மாலை நான்கு மணி வெயிலில் வெங்கட்ரமணர் கோயில் மண்டபம். தூணுக்குத் தூண் நிழல், தரையில் வரிவரியாக. இந்த நிழலை வரைய இன்றைக்கும் அடிப்படையாக இருப்பது 1978-இல் லான்ஸ் வில்லியம்ஸ் சொன்ன முறை. சூரியன் நிற்கும் இடத்தில் ஒரு கேமராவை வைத்ததாகப் பாவித்து, அங்கிருந்து எது தெரிகிறது என்று ஒரு முறை முழுக் காட்சியையும் வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு நம் கண்ணிலிருந்து வரையும்போது, ஒரு புள்ளி சூரியனுக்குத் தெரியவில்லை என்றால் அது நிழல். ஆக, நிழல் என்பது காட்சியை இரண்டாம் முறை வரைவது. திறந்தவெளி என்றால் அதுவும் போதாது. பக்கத்துத் தூணின் நிழல் கூர்மையாக வேண்டும், தூரத்துக் குன்றின் நிழல் தெரிந்தால் போதும் என்பதால் தூரத்தை மூன்று நான்கு பங்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வரைவார்கள். ராஜகிரிப் பாறைக்குவியலை நாலைந்து முறை வரைவதென்றால் செலவை எண்ணிப் பாருங்கள். சி.பி.யு.வும் ஒவ்வொரு முறையும் கட்டளைப் பட்டியல் எழுத வேண்டும்.

அதனால்தான் மாற்றியமைக்க எனக்கு ஒரே ஒரு செட்டிங்தான் கொடுப்பீர்கள் என்றால் நான் நிழலைத்தான் கேட்பேன். முழுக்க அணைக்கச் சொல்லவில்லை. நிழலே இல்லாத பாறை தரையில் நிற்பதாகத் தெரியாது, மிதக்கும். அல்ட்ராவிலிருந்து மீடியத்துக்கு இறக்குவதில்தான் லாபம் இருக்கிறது. நிழற்படத்தின் அளவு 4096-லிருந்து 2048-க்கு வந்தால் கால்வாசி ஆகிறது. நிழலின் ஓரம் கொஞ்சம் மழுங்கும், ஓடும்போது யாரும் கவனிக்கமாட்டார்கள்.

பாறை இடுக்குகளில் படியும் மெல்லிய இருட்டு வேறு விஷயம். ஆம்பியன்ட் அக்லூஷன் என்று பட்டியலில் இருப்பது அது. திரையில் ஏற்கெனவே இருக்கும் ஆழத் தகவலை வைத்து அதை மலிவாகச் செய்யும் வழியை 2007-இல் கிரைசிஸ் கேமில் கிரைடெக் நிறுவனம் காட்டியது. செஞ்சியின் கல்லுக்குக் கனம் கொடுப்பது இந்த செட்டிங்தான். சாதாரண அளவில் வைக்கும் செலவு தாங்கக்கூடியது.

அந்த கிரைசிஸே ஒரு தனிக்கதை. வெளிவந்தபோது அதன் உச்ச செட்டிங்கை ஓட்ட அன்றைய வீட்டு மெஷின்களுக்குத் தெம்பு போதவில்லை. “இதுல கிரைசிஸ் ஓடுமா?” என்பது உலகம் முழுக்கப் புது கம்ப்யூட்டர் வாங்குபவரைச் சீண்டும் கேள்வியாகிப் பல வருடம் நிலைத்தது. அல்ட்ரா என்ற படி பல கேம்களில் இன்றைய மெஷினுக்காக வைக்கப்படுவதில்லை, நாளைக்கு வரப்போகும் கார்டுக்காக வைக்கப்படுகிறது என்பதை அதிலிருந்தாவது நாம் கற்றிருக்கலாம். ஹை-க்கும் அல்ட்ராவுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் சொற்பம், விலை மட்டும் அதிகம் என்பது என் துணிபு.

ராஜகிரி உச்சிக்கு ஏறினால் பிரச்சினை மாறுகிறது. இப்போது எவ்வளவு தூரம் வரை வரைவது? எட்டத்தில் இருக்கும் சந்திரகிரியின் ஒவ்வொரு கல்லையும் முழு விவரத்தோடு வரைவது மடத்தனம். திரையில் அது நாலு புள்ளி அகலம்கூட இருக்காது. தூரத்துக்கு எளிய உருவம், பக்கத்துக்கு நுணுக்கமான உருவம் என்ற யோசனையை ஜேம்ஸ் கிளார்க் 1976-இலேயே எழுதிவிட்டார். விவர அளவு என்று வரும் செட்டிங் அந்த மாற்றம் எத்தனை அடியில் நடக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. ரொம்பக் குறைத்தால் நாம் நடக்க நடக்கப் பாறைகள் கண்ணெதிரே உருமாறும். அந்தத் துள்ளல் எரிச்சல். தூரத்தை மறைக்க இன்னொரு பழைய தந்திரம் பனிமூட்டம். 1999-இல் பிளேஸ்டேஷனில் வந்த சைலன்ட் ஹில், தொலைவை வரையத் தெம்பில்லாத இயந்திரத்தின் குறையை மூட்டத்தால் மூடி, அந்த மூட்டத்தையே பேய்க்கதையின் அழகாக்கிவிட்டது. இன்றைய கேம்களில் வெயில் கதிர் ஊடுருவும் மூட்டம் என்றால் அது மலிவல்ல. காற்றையே துண்டு துண்டாகக் கணக்கிட வேண்டும். மார்கழிக் காலைச் செஞ்சி வேண்டுமென்றால் அந்த வால்யூமெட்ரிக் செட்டிங்கை ஒரு படி குறைத்தே வையுங்கள்.

ஆனைக்குளத்துத் தண்ணீரில் கல்யாண மகால் தெரிய வேண்டும். திரையில் இருப்பதை மட்டும் பிரதிபலித்தால் செலவு நடுத்தரம். ஆனால் தலையைக் குனிந்தால் மேலிருக்கும் கட்டடம் திரையை விட்டுப் போகும், கூடவே தண்ணீரிலிருந்தும் போய்விடும். ரே ட்ரேசிங் ஒளிக்கதிரையே பின்தொடர்ந்து போய்ப் பார்ப்பதால் அந்தப் பொய் இருக்காது. 2018 நவம்பரில் பேட்டில்ஃபீல்ட் 5 அதைப் பிரதிபலிப்பில் காட்டியபோது அன்றைய விலையுயர்ந்த கார்டுகளே தள்ளாடின. 2023 ஏப்ரலில் சைபர்பங்க் 2077-க்கு வந்த ஓவர்டிரைவ் முறையில் ஏறக்குறைய வெளிச்சம் முழுவதுமே இப்படித்தான் கணக்கிடப்படுகிறது. அழகுதான், மறுக்கவில்லை. அப்ஸ்கேலிங்கின் கைத்தாங்கல் இல்லாமல் அதை வீட்டு கம்ப்யூட்டரில் சரளமாக ஓட்டுவது பெரும்பாடு.

தொடாமல் விடவேண்டியவை

லோ-வுக்கு இறக்கும்போது மக்கள் முதலில் கை வைப்பது டெக்ஸ்ச்சரில். இதுதான் எனக்குப் பெரிய வருத்தம். கருங்கல்லின் சொரசொரப்பு, மதிலின் சுண்ணாம்புக் கறை, பாசி எல்லாம் டெக்ஸ்ச்சரில்தான் இருக்கிறது. கிராபிக்ஸ் நினைவகத்தில் இடம் இருக்கும்வரை அதன் செலவு ஏறக்குறைய இல்லை. 4096×4096 அளவுள்ள ஒரு படம் சுருக்காமல் 64 எம்.பி. பிடிக்கும், வழக்கமான சுருக்க முறையில் 16 எம்.பி. ஒரு படி குறைத்தால் அதில் கால்வாசி. நினைவகத்தில் கொள்ளுமளவு வைத்துக்கொண்டால் லோ-வுக்கும் ஹை-க்கும் பிரேம் ரேட்டில் வித்தியாசம் தேடினாலும் கிடைக்காது. கொள்ளாமல் வழிந்தால் மட்டும் கதை தலைகீழ். சராசரி எண் நன்றாக இருக்கும்போதே திரும்பும் இடமெல்லாம் வெட்டி வெட்டி நிற்கும். 2015-இல் கம்ப்யூட்டருக்கு வந்த ஜி.டி.ஏ. 5, எந்த செட்டிங்குக்கு எவ்வளவு நினைவகம் போகிறது என்று ஒரு பட்டையில் காட்டியது. அந்த மரியாதையை எல்லாக் கேம்களும் நமக்குத் தருவதில்லை.

அனிசோட்ரோபிக் ஃபில்டரிங்கும் அப்படித்தான். நமக்கு முன்னால் நீண்டு போகும் மதில்வழி, பத்தடிக்கு அப்பால் குழம்பித் தெரியாமல் காப்பது அது. தனி கிராபிக்ஸ் கார்டில் 16 மடங்கு வைத்தாலும் செலவு மிகக் குறைவு. ஓரங்களின் படிக்கட்டுப் பற்களை நீக்கும் ஆன்டி-ஏலியாசிங்கில் வகை பார்த்துத்தான் சொல்ல முடியும். படம் முடிந்தபின் மேலே பூசும் எஃப்.எக்ஸ்.ஏ.ஏ. மிக மலிவு, கொஞ்சம் மங்கல். எம்.எஸ்.ஏ.ஏ. கூர்மை, கம்ப்யூட்டர் கார்டில் செலவு அதிகம். டி.ஏ.ஏ. இடைப்பட்டது, ஓடும்போது பின்னால் லேசாக நிழல் இழுக்கும்.

சராசரி சொல்லாதது

நொடிக்கு 60 என்று மூலையில் எண் காட்டுகிறது, ஆனாலும் கையில் ஏதோ தடங்கல். இந்தப் புகாருக்கு வெகுநாள் மரியாதை இருக்கவில்லை. 2011-இல் டெக் ரிப்போர்ட் இணைய இதழின் ஸ்காட் வாசன், நொடிக் கணக்கை விட்டு ஒவ்வொரு பிரேமும் எடுத்த நேரத்தைத் தனித்தனியாக அளந்து எழுதினார். ஒரு நொடியில் 59 பிரேம்கள் சீக்கிரம் வந்து ஒன்று மட்டும் 100 மில்லி செகண்ட் எடுத்தால் சராசரி நன்றாகவே இருக்கும், கண் மட்டும் அந்த ஒன்றைத்தான் பார்க்கும். இன்றைக்கு விமர்சகர்கள் மிக மோசமான ஒரு சதவீதப் பிரேம்களின் வேகத்தைத் தனியாகப் போடும் வழக்கம் அதன் தொடர்ச்சி.

திரையோடு பொருந்துவதும் இதில் சேரும். நம்மிடம் உள்ள பெரும்பாலான திரைகள் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுபவை. 30 பிரேம் என்றால் ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு முறை காட்டப்படும், சீராக இருக்கும். 40 பிரேம் என்றால்? 60-ஐ 40-ஆல் வகுத்தால் ஒன்றரை. ஒரு படம் ஒரு முறை, அடுத்த படம் இரண்டு முறை என்று நொண்டும். அதே 40, 120 ஹெர்ட்ஸ் திரையில் மூன்று மூன்றாக அழகாக விழும். நேரக் கணக்கில் 40 பிரேமின் 25 மில்லி செகண்ட், 30-க்கும் 60-க்கும் நட்டநடுவில் நிற்கிறது. 2021-இல் ராட்செட் அண்ட் கிளாங்க் கேம் 120 ஹெர்ட்ஸ் டி.வி. வைத்திருப்பவர்களுக்கு 40 பிரேம் முறையைக் கொடுத்தது இதைப் பார்த்துத்தான். திரை நம் வேகத்துக்கு வளைந்துகொடுக்கும் ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் வசதிகள் இருந்தால் இந்த வகுத்தல் கவலை பெருமளவு போய்விடும்.

டி.எல்.எஸ்.எஸ். 3-உடன் 2022-இல் வந்த பிரேம் ஜெனரேஷனை நான் சற்றுத் தள்ளியே வைப்பேன். இரண்டு உண்மையான பிரேம்களுக்கு நடுவே ஒன்றைக் கற்பனையாகச் செருகி எண்ணிக்கையைக் கூட்டுகிறது. கண்ணுக்கு வழவழப்பு கூடும். ஆனால் பொத்தானை அழுத்தியதற்கும் திரை அசைவதற்கும் இடையிலான நேரம் குறைவதில்லை, சற்றுக் கூடவே செய்யும். ஏற்கெனவே 60 ஓடுபவருக்கு அது அலங்காரம். 20 ஓடுபவருக்கு ஏமாற்று.

எட்டிப் பிடிக்கக்கூடிய ஒரு உதாரணம்

தென்னிந்தியக் கற்கோயிலை மனதில் வைத்து உருவான பெரிய கேம் என்றால் 2017-இல் வந்த அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி. மேற்குத் தொடர்ச்சி மலையில், ஹொய்சளப் பேரரசின் எச்சங்களைத் தேடிப் போகும் கதை. கடைசிப் பெரிய ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன் தலைநகராக்கிக்கொண்ட திருவண்ணாமலை, செஞ்சியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். கேமின் சிற்பங்களில் கற்பனை அதிகம், அந்தச் சண்டையை இங்கே போட வேண்டாம். நமக்கு வேண்டியது அதன் எண்கள். பிளேஸ்டேஷன் 4-இல் 30 பிரேமில் ஓடிய அதே கேம், 2022 ஜனவரியில் பிளேஸ்டேஷன் 5-க்கு வந்தபோது மூன்று முறைகளைத் தந்தது. 4கே வேண்டுமென்றால் 30 பிரேம். 60 வேண்டுமென்றால் ரெசொல்யூஷன் 1440 அளவுக்கு இறங்கும். 120 வேண்டுமென்றால் 1080. இதைவிடத் தெளிவாக விலைப்பட்டியல் போட முடியாது. புள்ளியா வேகமா, எடுத்துக்கொள்.

எதை எடுப்பது என்பதற்கு ஆய்வுகளும் உண்டு. காஜல் கிளேபூலும், அமெரிக்காவின் வொர்செஸ்டர் பாலிடெக்னிக் நிறுவனத்தைச் சேர்ந்த மார்க் கிளேபூலும் 2006-ஐ ஒட்டிய வருடங்களில், சுடும் ஆட்டங்களில் பிரேம் ரேட்டையும் ரெசொல்யூஷனையும் மாற்றி மாற்றி ஆடவைத்துப் பார்த்தார்கள். ஆட்டக்காரரின் திறனைப் பாதித்தது பிரேம் ரேட்தான். ரெசொல்யூஷனின் பாதிப்பு அதைவிடக் குறைவு. போட்டி ஆட்டக்காரர்கள் இதை ஆய்வுக்கு முன்பே கண்டுகொண்டிருந்தார்கள். 1999-இன் குவேக் 3 அரீனாவில் சுவரின் டெக்ஸ்ச்சரை வெறும் நிறத் திட்டாக்கி ஆடியது வேகத்துக்காக மட்டுமல்ல, எதிரி பளிச்சென்று தெரிவதற்காகவும்தான். கிராபிக்ஸ் செட்டிங் அங்கே ஆயுதமாகிவிடுகிறது. அதற்காக அழகாக வைத்து ஆடுபவன் தோற்பது நியாயமா என்பதைக் கேம் தயாரிப்பவர்கள்தான் தீர்க்க வேண்டும்.

எதிர்முனையில் வெண்பா. 2023-இல் கனடாவின் விசாய் கேம்ஸ் வெளியிட்டது, புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை, 2024-இல் பாஃப்டாவின் அறிமுக கேம் விருது பெற்றது. இட்லித் தட்டை அடுக்கவும் பிரியாணி தம் போடவும் ரே ட்ரேசிங் தேவைப்படவில்லை. கையால் வரைந்ததுபோன்ற இருபரிமாணப் படங்கள். செட்டிங்ஸ் பக்கம் போகாமலே சாதாரண மெஷினில் ஓடும்.

போனும் வெயிலும்

செஞ்சி வட்டாரத்தில் கேம் என்றால் பலருக்கும் போன்தான். பப்ஜி மொபைல் 2020 செப்டம்பர் 2-இல் தடையானது. 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் வந்தது; 2022 ஜூலையில் ஆப் ஸ்டோர்களிலிருந்து மறைந்து 2023 மே மாதம் திரும்பியது. இத்தனைக்கும் நடுவே ஆட்டக்காரர் வாயில் மாறாமல் இருந்த மந்திரம் ‘ஸ்மூத் எக்ஸ்ட்ரீம்’. கிராபிக்ஸ் தரத்தை ஸ்மூத் என்ற கடைசிப் படியில் வை, பிரேம் ரேட்டை எக்ஸ்ட்ரீம், அதாவது 60-இல் வை. இந்த கேம் பிரேம் ரேட்டையே தனி செட்டிங்காகத் தருகிறது. லோ 20, மீடியம் 25, ஹை 30, அல்ட்ரா 40, எக்ஸ்ட்ரீம் 60, பொருத்தமான போன்களில் 90-உம் அதற்கு மேலும். பல போன்களில் தரத்தை எச்.டி.ஆருக்கு ஏற்றினால் எக்ஸ்ட்ரீம் காணாமல் போகும். பேரத்தை கேமே முடித்துவைத்துவிடுகிறது. சற்று முன் சொன்ன வகுத்தலை இங்கே போட்டுப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் போனில் அல்ட்ராவின் 40 நொண்டும், ஹை-யின் 30 நொண்டாது. பட்டியலில் மேலே இருக்கிறது என்பதற்காக 40-ஐத் தேர்ந்தெடுப்பவர்கள் சீரான 30-ஐ ஒரு முறை ஆடிப் பார்க்கலாம்.

போனில் உள்ள கிராபிக்ஸ் சிப் வேலை செய்யும் விதமும் கொஞ்சம் வேறு. திரையைச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தையும் சிப்புக்குள்ளேயே முடித்து வெளியே அனுப்பும். அதனால் கம்ப்யூட்டரில் விலையுயர்ந்த எம்.எஸ்.ஏ.ஏ. போனில் ஒப்பீட்டளவில் மலிவு. மாறாக, புகையும் புல்லும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடிபோல் படியும் இடங்களில் போன் திணறும். கிரனேடு வெடித்த இடத்தில் லேக் அடிப்பதன் ரகசியம் பாதி இதுதான். மீதி நெட்வொர்க், அதை எந்த கிராபிக்ஸ் செட்டிங்கும் திருத்தாது. இரண்டையும் ஒரே வார்த்தையில் லேக் என்று சொல்லிக்கொண்டிருப்பதால் பல பேர் நெட்வொர்க் பிரச்சினைக்கு நிழலை அணைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லா செட்டிங்குக்கும் மேலே, பட்டியலில் எழுதப்படாத செட்டிங் ஒன்று உண்டு. சூடு. போனில் விசிறி இல்லை. சிப் சூடாகிக்கொண்டே போனால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் மேட்சில் 60, மூன்றாவது மேட்சில் 40 என்று இறங்குவது அதனால்தான். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தொடும் ஊர், பகலெல்லாம் காய்ந்து ராத்திரியிலும் அனலை விடும் பாறைகள். குளிர்சாதன அறையில் சோதித்துப் போட்ட யூடியூப் எண்கள் இங்கே பொருந்தாது. உச்ச வேகத்தில் பத்து நிமிடம் ஓடிவிட்டுச் சரிவதைவிட, ஒரு படி குறைவாக வைத்து ஒரு மணி நேரம் அதே வேகத்தில் ஓடுவது மேல். சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடினால் பேட்டரியின் சூடும் சேர்ந்துகொள்ளும். தடிமனான ரப்பர் கவரைக் கழற்றிவைப்பது சில நேரம் எந்த செட்டிங்கையும்விட அதிகப் பிரேம் தரும். தரத்தை இன்னும் கீழே தள்ளித்தருவதாகச் சொல்லும் வெளியார் ஜி.எஃப்.எக்ஸ். டூல்களைப் பற்றி ஒரு வரி போதும்: அக்கவுன்ட் தடையாகும் அபாயம் இருக்கிறது.

கவர்மென்ட் லேப்டாப்பில்

2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குக் கேமையும் சேர்த்துக் கொண்டுபோனது. அதைத் திட்டத்தின் குறையாகச் சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். ஃபைல் எது, டிரைவர் எது, ரெசொல்யூஷன் எது என்று பல பிள்ளைகள் கற்றுக்கொண்டது ஜி.டி.ஏ. சான் ஆண்ட்ரியாஸை ஓட்டப் பாடுபட்டபோதுதான். அந்த கேமின் பிரேம் லிமிட்டரை அணைத்தால் படம் வேகமாகும், கூடவே நீச்சல் போன்ற அசைவுகள் கெடும். ஆட்டத்தின் இயற்பியலே பிரேமோடு கட்டப்பட்டிருந்தது. எண்ணிக்கை கூடுவது எப்போதும் நல்லதல்ல என்று புரியவைத்த முதல் பாடம் பலருக்கு அது.

அந்த லேப்டாப்களிலும் இன்றைய சாதாரண லேப்டாப்களிலும் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சிப், கம்ப்யூட்டரின் பொது ரேமையே பங்கு போட்டுக்கொள்கிறது. ஆக இங்கே முதலில் தீர்வது பெரும்பாலும் ரேமின் கொள்ளளவல்ல, ரேமிலிருந்து தகவல் வரும் வேகம். அப்படிப்பட்ட மெஷினில் செஞ்சிக் கோட்டை ஓட வேண்டுமென்றால் நான் போகும் வரிசை இது. முதலில் ரெசொல்யூஷன்: 1366×768-லிருந்து 1024×576-க்கு வந்தாலே புள்ளிகள் 56 சதவீதமாகும். அடுத்து நிழல் லோ. மூட்டம், பிரதிபலிப்பு ஆஃப். புல், செடி அடர்த்தி பாதி. டெக்ஸ்ச்சர் மீடியத்தில் நிற்கட்டும். அனிசோட்ரோபிக் நான்கு மடங்கு போதும், இங்கே அது இலவசமல்ல. பிறகு பிரேமை 30-இல் பூட்டிவிடுவேன். 25-க்கும் 45-க்கும் நடுவே ஆடிக்கொண்டிருப்பதைவிட அது எவ்வளவோ மேல். அடாப்டரைச் சொருகாமல் ஆடினால் பல லேப்டாப்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் கரன்ட் இருக்கும் நேரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், அடியில் உள்ள காற்றுத் துவாரத்தை மெத்தை மேல் வைத்து அடைக்கக் கூடாது.

இவ்வளவும் செய்தபின் சர்வீஸ் கடை அண்ணன் சொன்ன பதிலுக்கு வருவோம். ஒரே ஒரு ரேம் ஸ்டிக் போட்டிருக்கும் லேப்டாப்பில் அதே அளவில் இரண்டாவது ஒன்றைப் போட்டால், இரண்டும் இணைந்து இரட்டைப் பாதையில் தகவல் அனுப்பும். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் சிப்புக்கு அது கணிசமான பிரேம்களைத் தரும், எந்த அழகையும் விலையாகக் கேட்காமல். இருக்கும் 4 ஜி.பி. ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரே 8 ஜி.பி. ஸ்டிக் போட்டுத்தந்தால் இந்த லாபம் கிடைக்காது. இரண்டு 4 ஜி.பி.யாகக் கேட்டு வாங்க வேண்டும். லேப்டாப்பில் இரண்டாவது ஸ்லாட் இருக்கிறதா என்பதை மட்டும் காசு கொடுப்பதற்கு முன்பு பின்மூடியைத் திறக்கச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.